தோமியேயின் ஆம்னிபஸ் படம்: பின்பக்கம் செய்தித்தாள் எழுத்து. அசலா? சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் எப்படி மாட்டுவது?

பொங்கோல்_வாசி கேட்டது:

பழைய பாரிஸ் நகரத்தைக் கிண்டல் பண்ணும் படம் ஒன்று வாங்கியிருக்கிறேன், பிரெஞ்சுக் கேலிச்சித்திரக்காரர் தோமியே வரைந்தது என்கிறார்கள். விற்றவர் சீட்டில் "ஒரிஜினல் லித்தோகிராஃப், ஓனோரே தோமியே, 1839" என்று இருக்கிறது. ஆம்னிபஸ் (குதிரை இழுக்கும் அந்தக் காலப் பேருந்து) வண்டிக்குள் ஆட்கள் இடித்துப் பிடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு பெண்மணி, ஒரு பக்கம் தூங்கி வழியும் ஆள், மறுபக்கம் தடித்த ஆள். தாள் ஏ4-ஐ விடச் சற்றுப் பெரியது, மெலிசு. கன்னம், சட்டை, தொப்பி எல்லாவற்றிலும் லேசாக வண்ணம் பூசியிருக்கிறது.

என் கவலை பின்பக்கம்தான். முழுக்கப் பிரெஞ்சு விளம்பரம், பத்தி பத்தியாக. அந்த எழுத்து முன்பக்கம் வரை தெரிகிறது. ஏதோ பழைய பேப்பரில் நகல் எடுத்து ஏமாற்றிவிட்டார்களோ என்று சந்தேகம். இடது ஓரத்தில் சின்னச் சின்னத் துளைகள் வேறு. ஆங்காங்கே பழுப்புப் புள்ளி.

அசல்தானா, எப்படிக் கண்டுபிடிப்பது? எழுத்து தெரியாமல் சட்டம் போட வழி உண்டா? வீட்டில் சாயங்காலம் மட்டும்தான் ஏர்கான் போடுவோம். அடியில் உள்ள வாசகத்துக்கு என்ன அர்த்தம் என்றும் யாராவது சொன்னால் நல்லது.

---

கல்லச்சு பதில்:

பின்பக்க எழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நீங்கள் சொன்னதிலேயே நல்ல சேதி அதுதான்.

'லெ ஷாரிவாரி' என்பது பாரிஸில் 1832 டிசம்பர் 1 அன்று ஷார்ல் ஃபிலிப்போன் தொடங்கிய நாளிதழ். நாலு பக்கம். மூன்றாம் பக்கம் முழுவதும் ஒரு கல்லச்சு (லித்தோகிராஃப்) படம், அதன் முதுகில் நாலாம் பக்கம், அதாவது விளம்பரம், நாடக அறிவிப்பு இந்த மாதிரி. தோமியே வரைந்த ஏறத்தாழ 4,000 கல்லச்சுப் படங்களில் பெரும்பாலானவை இந்த இதழுக்காக வந்தவை. ஆக, பின்னால் அந்தக் காலத்து விளம்பரம் இருந்தால் படம் இதழிலிருந்தே பிரித்தெடுத்தது என்று அர்த்தம். நகல் அடிப்பவன் யாரும் மெனக்கெட்டு முதுகில் பழைய விளம்பரம் அச்சடிக்க மாட்டான். மூன்றாம் பக்கம் வலக்கைப் பக்கம் என்பதால் தையல் இடது ஓரத்தில் விழும். இதழ்களைத் தொகுத்து பைண்டு செய்ததன் தடம்தான் உங்கள் துளைகள். நடுவில் மடிப்புக் கோடு இருந்தாலும் அது குறை இல்லை, இதழ் மடித்துப் போனதன் அடையாளம்.

இதே படங்களை முதுகில் எழுத்தில்லாமல், கெட்டியான வெள்ளைத் தாளில் தனியாகவும் அடித்து விற்றார்கள். வியாபாரிகள் அதை 'சூர் ப்ளான்' என்பார்கள். அச்சு அதில் தெளிவாக இருக்கும், விலையும் கூட. வண்ணம் தீட்டி விற்றதும் அந்த வகையைத்தான். இங்கேதான் உங்கள் படத்தில் ஒரு உறுத்தல்: இதழில் வந்த பிரதிக்கு வண்ணம் கிடையாது, கறுப்பு மை மட்டும். ஆகவே பின்பக்க எழுத்தோடு வண்ணமும் சேர்ந்திருந்தால், படம் அசல், வண்ணம் பிற்காலத்தில் யாரோ பூசியது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவர்கள் பல காலமாகச் செய்கிற வேலைதான் இது. விலையைக் குறைத்துப் பேச இதுவே போதும்.

இனி கையில் வைத்துச் சோதிக்க வேண்டியது. பத்து மடங்கு லூப் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கி) ஒன்று வேண்டும். நிழல் விழும் இடத்தில் வையுங்கள், கோட் மடிப்பு, பெஞ்சுக்கு அடியில் இருக்கும் இருட்டு மாதிரி இடங்களில். தோமியே கொழுப்புக் கிரேயானால் சொரசொரப்பான சுண்ணாம்புக் கல்லில் வரைந்தார். கல்லின் மேடான துணுக்குகளில் மட்டும் கொழுப்பு ஒட்டும், பள்ளத்தில் ஒட்டாது. அதனால் நிழல் முழுவதும் ஒழுங்கற்ற புள்ளியாக, ரவையைத் தூவியது போல இருக்கும். அழுத்தி வரைந்த இடத்தில் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்துப் போகும். வரிசை பிடித்த ஒரே இடைவெளிப் புள்ளிகள் தெரிந்தால் அது புகைப்பட முறையில் எடுத்த மறு அச்சு. புழு நெளிந்த மாதிரி சுருக்கச் சுருக்கமான மணி (புள்ளிச் சொரசொரப்பு) தெரிந்தால் கொலோடைப் (ஜெலட்டின் படலத்திலிருந்து எடுக்கும் பழைய புகைப்பட அச்சு) நகல். அதில்தான் பலர் ஏமாறுவார்கள், ஏனென்றால் அதுவும் ஒழுங்கற்றதுதான். வித்தியாசம் ஒன்று உண்டு: கிரேயான் மணியில் கை போன திசை தெரியும், கொலோடைப் மணிக்குத் திசையே இருக்காது.

அடுத்தது 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச். இருட்டில் தாள் மேல் அடியுங்கள். நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் தாளில் வெண்மையூட்டி இருக்கிறது, அது 1950-க்குப் பிந்திய தாள். பழைய தாள் மங்கலாக, மஞ்சள் கலந்தே நிற்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: யாராவது சலவை செய்த பழைய தாளும் சில சமயம் ஒளிரும்.

பிறகு ஓரத்து எழுத்து. கல்லிலேயே வரைந்த எச்.டி. என்ற முதலெழுத்து பெரும்பாலும் படத்துக்குள் எங்காவது இருக்கும். கீழே வெளியீட்டாளர் முகவரி இருக்கும். 'ஷே ஓபேர், வெரோ-தொதா' என்றோ, 'ஷே போழே, க்ருவாசான் தெரு 16' என்றோ இருந்தால் நீங்கள் சொல்லும் காலத்துக்குப் பொருந்தும். 'மார்த்தினே, விவியேன் தெரு' என்று இருந்தால் அது 1850-க்கு அப்புறம் வந்த படங்களில் காணும் பெயர், 1839 என்ற சீட்டு பொய்.

கடைசியாக எண். லோயிஸ் தெல்தேய் 1925 முதல் 1930 வரை பத்துத் தொகுதிகளில் தோமியேயின் கல்லச்சுகளை எண்ணிட்டு வைத்தார். அதைத்தான் எல்.டி. எண் என்கிறோம். இணையத்தில் தோமியே ரெஜிஸ்டர் இலவசமாகவே கிடைக்கிறது. வாசகத்தின் முதல் நாலு சொல்லைப் போட்டுத் தேடினால் படமும் எண்ணும் வரும். உங்கள் படத்தை அதனோடு கோடு கோடாக ஒப்பிடுங்கள், முக்கியமாக விரல்களையும் தொப்பி விளிம்பையும்.

---

பொங்கோல்_வாசி:

மிக்க நன்றி. லூப் வைத்துப் பார்த்தேன், ரவை மாதிரியேதான் இருக்கிறது. டார்ச்சுக்குத் தாள் ஒளிரவில்லை. முகவரி 'போழே, க்ருவாசான் தெரு 16'. வாசகம் 'ஆந்த்ர் அன் ஓம் ஈவ்ர் எ அன் ஷார்க்கியூத்தியே'. வண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கிறது, பின்பக்கமும் லேசாக ஊறியிருக்கிறது. தண்ணீரில் கழுவினால் வண்ணம் போகுமா?

---

தாள்_வைத்தியம் பதில்:

கழுவ வேண்டாம். நீர்வண்ணம் கரையும்தான், ஆனால் ஒரே சீராகப் போகாது. கன்னத்துச் சிவப்பு திட்டுத் திட்டாக நகர்ந்து சட்டையில் போய் நிற்கும். பின்பக்கம் ஊறிய பங்கு தாளின் நாரிலேயே தங்கிவிடும். பழுப்புப் புள்ளிக்கு பிளீச் தடவுவதும் இதே கதை. புள்ளி போகும், நாரும் போகும். இதெல்லாம் பயிற்சி பெற்ற தாள் பாதுகாப்பாளர் உறிஞ்சு மேசை (ஈரத்தை அடியிலிருந்து உறிஞ்சி எடுக்கும் மேசை) வைத்துச் செய்ய வேண்டியவை. படத்தின் விலையை விட அந்தக் கூலி கூடுதலாகிவிடும். அப்படியே விடுங்கள்.

1839-ஆம் ஆண்டுத் தாள் ஒரு விதத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். மரக்கூழ் செய்தித்தாளுக்குள் நுழைவதற்கு முந்தியது, கந்தல் துணியில் செய்தது. 1870-களுக்குப் பிந்திய இதழ்கள்தான் தொட்டால் நொறுங்கும். ஆனால் நம் ஊர் காற்றுக்கு எந்தத் தாளும் ஒன்றுதான். இங்கே ஆண்டு முழுவதும் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். பூஞ்சைக்கு 65-ஐத் தாண்டினாலே போதும்.

சாயங்காலம் மட்டும் ஏர்கான் போடுவதுதான் மோசமான பழக்கம் என்பேன், படத்தைப் பொறுத்தவரை. ஏர்கான் ஓடும்போது சுவர் குளிர்கிறது. அணைத்து ஜன்னலைத் திறந்ததும் வெளிக்காற்று அந்தக் குளிர்ந்த சுவரில் படிகிறது. சட்டத்தின் பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தால் ஈரம் அங்கேதான் தேங்கும். முன்னால் பார்க்கப் படம் நன்றாகவே இருக்கும், ஆறு மாதம் கழித்துக் கழற்றினால் முதுகில் கறுப்புப் பூச்சு மாதிரிப் பூஞ்சை. ஆகவே மழை அடிக்கும் வெளிச்சுவர், குளியலறையோடு ஒட்டிய சுவர், ஏர்கான் காற்று நேராக அடிக்கும் இடம் மூன்றும் கூடாது. உள்சுவரில் மாட்டுங்கள், சட்டத்தின் கீழ் இரண்டு மூலையிலும் 5 மி.மீ ரப்பர் குமிழ் ஒட்டிச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்துங்கள்.

சட்டம் போடும் கடையில் இதைச் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள், அல்லது பொருளை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பக்கம் ஓவியப் பொருள் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம்.

ஜன்னல் அட்டையும் (நடுவில் வெட்டி, படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) பின் அட்டையும் நூறு சதவீதப் பருத்தி, ஏறத்தாழ 1.5 மி.மீ தடிப்பு. அட்டை விற்பவர் 'ஆசிட் ஃப்ரீ' என்றால் மட்டும் போதாது, பருத்தியா என்று கேளுங்கள். படத்தை அட்டையில் ஒட்டவே கூடாது. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு கீல்: ஜப்பானியக் கோசோ தாளை நகத்தளவு கிழித்து (கத்தரிக்காமல் கிழித்தால் ஓரம் மெலிந்து படத்தில் தடம் விழாது) கோதுமை ஸ்டார்ச் பசையால் ஒட்டுவது. இன்னொன்று, நாலு மூலைக்கும் பாலியஸ்டர் பை. உங்களுக்கு இரண்டாவதுதான் சரி, ஏனென்றால் பின்பக்க விளம்பரத்தையும் ஒருநாள் எடுத்துப் பார்க்கத் தோன்றும். மாஸ்கிங் டேப், செல்லோடேப், இரட்டைப் பக்க டேப் எதுவும் வேண்டாம். பசை மஞ்சளாகி எண்ணெய் விட்டு முன்பக்கம் வந்துவிடும். கடைக்காரர் 'டிரை மவுண்ட் பண்ணிடலாம், சுருக்கமே இருக்காது' என்று, அதாவது சூடேற்றி அட்டையோடு ஒட்டிவிடலாம் என்று சொன்னால் படத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

முன்னால் கண்ணாடிக்குப் பதில் புற ஊதாவைத் தடுக்கும் அக்ரிலிக் தகடு. படம் அதைத் தொடக் கூடாது, குறைந்தது 3 மி.மீ இடைவெளி. பின்னால் எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை போட்டால் அது ஈரத்தை உறிஞ்சி உப்பும், அமிலமும் விடும். நெளிவான பாலிப்ரொப்பிலீன் தகடு போதும்.

இப்போது முக்கியமான சூட்சுமம். எல்லாவற்றையும் அடுக்கி மூடும் முன் அட்டை, தகடு, படம் அத்தனையையும் ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதம் இருக்கும் அறையில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். பருத்தி அட்டையே ஈரத்தைப் பிடித்து வைக்கும் பொருள். 85-இல் இருந்த அட்டையை வைத்து இறுக்க மூடினால் ஈரத்தையும் உள்ளே வைத்துப் பூட்டியதாகும். உலர்ந்த பிறகு அக்ரிலிக்கில் இருந்து பின் தகடு வரை ஓரத்தைச் சுற்றி அலுமினியப் பட்டை ஒட்டி, அந்தப் பொதியைச் சட்டத்துக்குள் வையுங்கள்.

மாட்டாமல் வைக்கும் மாதங்களுக்கு, கேமரா வைத்திருப்பவர்கள் வாங்கும் டிரை கேபினட் (உள்ளே ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் அலமாரி) நல்லது. ஆனால் லென்சுக்கு வைக்கிற 40 வேண்டாம், 50-இல் வையுங்கள். வாங்கும் முன் உள் தட்டின் அளவை அளந்து பாருங்கள். பல கேபினட்டில் இந்தத் தாள் படுக்காது, நிற்க வைத்தால் வளையும். ராமபாணப் பூச்சி தெரிந்தால் மட்டும் பாலிதீன் பையில் காற்றில்லாமல் மூடி ஃப்ரீசரில் ஒரு வாரம். எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் வெளியே வையுங்கள், இல்லாவிட்டால் காற்றின் ஈரம் குளிர்ந்த தாளில் நீராகப் படியும். அந்துருண்டை போட வேண்டாம்.

---

கல்லச்சு:

எழுத்து முன்னால் தெரிவதைப் பற்றி விட்டுப்போயிற்று. தாளுக்குப் பின்னால் வெள்ளை அட்டை இருந்தால் வெளிச்சம் தாளைக் கடந்து போய் வெள்ளையில் பட்டுத் திரும்பி வரும், வழியில் இருக்கும் எழுத்து நிழலாகத் தெரியும். பின்னால் கருஞ்சாம்பல் தாள் வைத்தால் திரும்பி வரும் வெளிச்சமே குறைவு, எழுத்தும் மங்கும். ஸ்கேன் செய்யும்போதும் இதே தந்திரம்தான், முதுகில் கறுப்புத் தாள்.

---

தாள்_வைத்தியம்:

ஸ்கேனுக்குச் சரி. சட்டத்துக்குள் வைப்பதென்றால் கவனம். கைவினைக் கடையில் விற்கும் கறுப்புத் தாளின் சாயம் ஈரத்தில் இறங்கும். ஈரப் பஞ்சை அதன் மேல் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள், பஞ்சு கறுத்தால் அது வேண்டாம். இன்னொன்று, கறுப்பு வைத்தால் படத்தின் தாளே அழுக்குச் சாம்பலாகத் தெரியும். நடுத்தரச் சாம்பல் போதும். கொஞ்சம் எழுத்து தெரிந்தால் தெரியட்டுமே, இதழ்ப் பிரதி என்று தெரிந்துதானே வாங்கினீர்கள்?

வெளிச்சத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கறுப்பு மைக்கு ஒன்றும் ஆகாது, அது கரி. போகப்போவது பிற்கால நீர்வண்ணமும் தாளின் நிறமும். 50 லக்ஸ் (வெளிச்ச அளவு) போதும், ஆண்டுக்கு மூன்று நாலு மாதம் மாட்டி மீதி நாள் உள்ளே வையுங்கள்.

---

சிராங்கூன்_கோடு பதில்:

வாசகத்துக்கு அர்த்தம்: 'ஒரு குடிகாரனுக்கும் பன்றிக்கறிக் கடைக்காரனுக்கும் நடுவே'. அவ்வளவுதான். தலைப்பாக 'ஆம்னிபஸின் உள்ளே' என்று இருக்கும். 1839-இல் வந்த 'பாரிஸ் மனிதர்கள்' வரிசையில் ஒன்று. இந்த வாசகங்களைப் பெரும்பாலும் தோமியே எழுதவில்லை. ஃபிலிப்போனோ பத்திரிகை ஆட்களோ எழுதிச் சேர்த்தார்கள். அதனால்தான் பல படங்களில் படம் ஒன்று சொல்லும், வாசகம் வேறொன்று சொல்லிச் சிரிக்கும். இந்தப் படத்தில் இரண்டும் கைகோத்துப் போகின்றன, அது அபூர்வம்.

பாரிஸில் ஆம்னிபஸ் ஓடத் தொடங்கியது 1828-இல். நீளவாட்டில் இரண்டு பெஞ்சு, எதிரெதிரே உட்கார வேண்டும். நம் எம்ஆர்டி ரயில் இருக்கை மாதிரிதான், ஆனால் முழங்காலோடு முழங்கால் முட்டும். காசு கொடுத்தால் யாரும் ஏறலாம். அதுவரை தன் வண்டியில் போன மேட்டுக்குடிப் பெண்மணியும் கறிக்கடைக்காரரும் ஒரே பெஞ்சில் இடிபட வேண்டிவந்தது. படத்தின் நகைச்சுவை கூட்டத்தில் இல்லை, பக்கத்தில் யார் என்பதில் இருக்கிறது. அந்தப் பெண்மணியின் தோளை மட்டும் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒடுங்கி உள்ளே போயிருக்கும். குடிகாரரின் உடல் எலும்பே இல்லாதது போலச் சாய்ந்திருக்கும். முகத்தை மறைத்துவிட்டுத் தோள்களை மட்டும் பார்த்தாலே யார் யார் என்று சொல்லிவிடலாம்.

நகரத்து நெருக்கடியை ஏன் இவ்வளவு வரைந்தார்கள் என்றால், வேறு வழியில்லை என்பதும் ஒரு காரணம். அரசன் லூயி ஃபிலிப்பை வாய் பிளந்து வரிப்பணம் விழுங்கும் அரக்கனாக வரைந்ததற்காகத் தோமியே 1832-இல் சிறைக்குப் போனார். 1835 செப்டம்பர் சட்டம் வந்ததும் அரசியல் படத்துக்கு முன்தணிக்கை. மந்திரியை வரைய முடியாது, சரி, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரை வரை. ஆம்னிபஸ், குளிக்கும் துறை, நாடகக் கொட்டகை, 1843-இல் ரயில், 1852-இல் ஓவியக் கண்காட்சியில் இலவச நாள் நெரிசல் என்று இப்படியே போனது.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் இரண்டு பேர். லூயி-லெயோபோல் புவாயி 1823 முதல் 1828 வரை வெளியிட்ட 'கோணல் முகங்கள்' வரிசை, 96 கல்லச்சுகள், தெல்பேஷ் அச்சகம். உடம்பு, இடம் எதுவும் இல்லாமல் நாலைந்து தலைகளை மட்டும் திராட்சைக் குலை மாதிரி நெருக்கி வரைவார். அவை வண்ணத்தோடே விற்றவை, ஆகவே கல்லச்சு அண்ணன் சொன்ன வண்ண விதி அங்கே செல்லாது. இன்னொருவர் இருபதாம் நூற்றாண்டு அல்பேர் துபு, மார்செய்க்காரர், 1905–1976. ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தை மாதிரி ஒரு அங்குலம் காலியில்லாமல் ஆட்களை அடைப்பார். அவர் மையில் வரைந்து அச்சுக்குக் கொடுத்தவர். ஆகவே துபு படத்தில் வரிசைப் புள்ளி தெரிந்தால் 'போலி' என்று முடிவு கட்டாதீர்கள். அவர் காலத்து அச்சே அதுதான். ஆனால் அதை 'ஒரிஜினல் லித்தோ' விலைக்கு வாங்கவும் செய்யாதீர்கள்.

இன்னொரு வேடிக்கை. கல்லில் வரைந்தது தாளில் இடவலம் மாறி விழும். படத்தில் எழுத்துப் பலகை எதாவது இருந்தால் கல்லில் அதை இடவலம் மாற்றி எழுதியிருக்க வேண்டும். அவசரத்தில் வரைந்த படங்களில் ஆட்கள் இடக்கையால் பிடிப்பது, பொத்தான் எதிர்ப்பக்கம் இருப்பது இதனால்தான். அச்சு முடிந்ததும் அந்தக் கல்லை மணலும் தண்ணீரும் போட்டுத் தேய்த்து அடுத்த படத்துக்குக் கொடுத்துவிடுவார்கள்.

---

பொங்கோல்_வாசி:

பொத்தானைப் போய்ப் பார்க்கிறேன் இப்போதே. இதே வரிசையில் இன்னொன்றை பிரான்சிலிருந்து வரவழைக்க நினைக்கிறேன். வரி, பார்சல் விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

---

கல்லச்சு:

தபாலிலோ விமானத்திலோ வரும் பொருளின் மதிப்பு, அனுப்பும் செலவும் காப்புறுதியும் சேர்த்து, 400 வெள்ளியைத் தாண்டினால் இங்கே வந்து சேரும்போது 9 சதவீத ஜிஎஸ்டி. அதற்குள் இருந்தால், ஜிஎஸ்டி பதிவு செய்த பெரிய விற்பனைத் தளங்கள் வாங்கும்போதே வரியைப் பிடித்துவிடும். அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

வாங்கும் முன் மூன்று படம் கேளுங்கள்: முன்பக்கம் ஓரத்தோடு முழுதாக, பின்பக்கம், பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒன்று. சிலர் ஓரத்தை வெட்டி எடுத்துவிட்டு ஜன்னல் அட்டைக்குள் மறைத்து விற்பார்கள். ஓரம் போனால் முகவரியும் வாசகமும் போச்சு, விலையில் பாதியும் போச்சு. அட்டையோடு ஒட்டி வைத்திருக்கிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.

பார்சலைச் சுருட்டிக் குழாயில் அனுப்ப விடாதீர்கள். பழைய மடிப்பு அங்கேயே கிழியும். இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே, பாலியஸ்டர் உறையில், தட்டையாக அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் உடனே பிரிக்காமல் ஒரு நாள் அறையிலேயே கிடக்கட்டும்.

---

தாள்_வைத்தியம்:

பிரித்த பிறகு புதியதைப் பழையதோடு ஒரே கேபினட்டில் வைக்காதீர்கள். இரண்டு மூன்று வாரம் தனியாகப் பையில் வைத்து, மடிப்பிலும் தையல் துளையிலும் பூச்சித் தூள் உதிர்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

---

பொங்கோல்_வாசி:

பார்த்துவிட்டேன். கறிக்கடைக்காரரின் கோட் பொத்தான் எதிர்ப்பக்கம்தான்.